பொடிக்கு அனுமதி இல்லை

கடற்கரை ஒதுக்கு நிலத்தைத் தற்காலிக உரிமத்தில் வைத்திருப்பவர், பொதுமக்கள் கடலுக்குப் போகும் வழியை வேலி, கதவு, காவல் என எந்த வகையிலும் அடைக்கக் கூடாது. உரிமத்தில் இது ஏழாவது நிபந்தனை. ஆறாவது, கட்டணத்தைக் காலத்தில் கட்டுவது. எட்டாவது, குப்பையை அகற்றுவது. ஆறாவதையும் எட்டாவதையும் எல்லாரும் படிப்பார்கள். ஏழாவதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. ஓய்வு பெறும்வரை நில அலுவலகத்தில் இந்த நிபந்தனைகளைச் சரிபார்த்து மேலே கையெழுத்துக்கு அனுப்பியவன் நான். அதனால்தான் சொல்கிறேன்.

மலாக்காவில் தஞ்சோங் கிளிங் கடலோரத்தில், மீன் படகுகளைக் கரையேற்றி வைக்கும் இடத்துக்கு அடுத்து, ஒரு காற்றாலை நிறுவனம் வந்து இறங்கியது. நம் நீரிணையில் எவ்வளவு காற்று அடிக்கும் என்பது அங்கே மத்தியானத்தில் துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும்; ஒரு முனைகூட அசையாது. நிறுவனத்தின் காற்றாலைகள் எல்லாம் வேறு நாட்டுக் கடல்களில் சுற்றுகின்றன. இங்கே இருப்பது இயக்க மையம். ஓர் அறையில் உட்கார்ந்து தூரத்துக் காற்றாலைகளைத் திரையில் பார்ப்பார்கள். வெளியே, தண்ணீருக்குள் ஒரு மஞ்சள் கோபுரம் நட்டிருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் படகிலிருந்து அதன் ஏணிக்குத் தாவிப் பழக வேண்டும். சிலர் தாவுவார்கள், சிலர் விழுவார்கள். இரண்டுக்கும் சான்றிதழ் உண்டு என்று கேள்வி.

அதில் எனக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை, என் மனைவி இறக்கும்வரை.

தகனம் முடிந்த மறுநாள் காலை, சாம்பலைக் கரைக்க அங்கேதான் போனோம். நானும், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் மகனும், காரியம் செய்துவைக்கும் பண்டாரமும். டுரியான் துங்கால் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் போனாலும் அந்தக் கரைதான். என் மாமியாரையும் அங்கேதான் கரைத்தோம். இந்த முறை கடலுக்கும் எங்களுக்கும் நடுவே வேலி நின்றது. வேலியில் ஒரு கதவு, கதவில் ஒரு காவலர்.

"உள்ள போகணும்னா இண்டக்‌ஷன் வீடியோ பார்க்கணும் சார். எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ் லா."

பார்த்தோம். மடியில் பானையை வைத்துக்கொண்டு, கோபுரத்திலிருந்து விழாமல் இருப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டேன். படம் முடிந்ததும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். அபாயச் சங்கு ஊதினால் எங்கே கூட வேண்டும்? பண்டாரம் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்யா, போனவங்களும் இதுல பாஸ் ஆகணுமா?"

"அது தெரியல சாமி. ஆபீஸ்ல கேக்கணும்" என்றார் காவலர். அவர் கேலி செய்யவில்லை.

மூவரும் தேறினோம். தலைக்கு மஞ்சள் தொப்பி தந்தார்கள். அப்போதுதான் காவலர் பானையைக் கவனித்தார்.

"அதுல என்ன சார்?"

"சாம்பல்."

வாக்கிடாக்கியில் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பினார். "பொடி மாதிரியா, கட்டி மாதிரியா?"

"பொடி மாதிரி" என்றான் என் மகன். சிறு வயதிலிருந்தே கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லும் பிள்ளை.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. நம் பெண்தான், முப்பது வயதுக்குள் இருக்கும்.

"ரொம்ப சாரி அங்கிள். பொடி எதுவா இருந்தாலும் சைட்டுக்குள்ள கொண்டு வர முன்கூட்டியே அப்ரூவல் வேணும். அதுல என்னென்ன கலந்திருக்குன்னு ஒரு பேப்பர் கொடுக்கணும்."

"என்ன கலந்திருக்குன்னு எழுதணும்மா? என் சம்சாரம்னு எழுதவா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் கதவு திறக்கவில்லை.

இதற்குள் தண்ணீர் வடிந்து வெறும் சேறு தெரிய ஆரம்பித்தது. பண்டாரத்துக்குப் பத்தாங் மலாக்காவில் இன்னொரு காரியம் இருந்தது. கடைசியில் வேலிக்கு வெளியே, பெரிய சாக்கடை கடலில் சேரும் இடத்தில் கரைத்தோம். கரைத்தோம் என்பது பெரிய சொல். எண்ணெய் மிதந்த கறுப்புத் தண்ணீரில், மினரல் வாட்டர் போத்தல்களுக்கு நடுவே, என் மனைவி கொஞ்ச நேரம் நகராமல் கிடந்தாள். வீட்டில் ஒரு கிளாஸில் மீன் வாடை அடித்தால் எல்லாக் கிளாஸையும் மறுபடி கழுவுகிறவள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வந்தால் கிழித்துப்போடுவது என்று. அது வரவும் இல்லை.

முதல் கடிதத்தில் ஏழாவது நிபந்தனையை மட்டும் எழுதி நில அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை. பிறகுதான் தெரிந்தது, நிறுவனம் உரிமத்தைப் புதுப்பிக்கவும் இன்னொரு கோபுரம் நடவும் விண்ணப்பித்திருக்கிறது. என் முகம் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது. விண்ணப்பம் விசாரணையில் இருக்கும்போது யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் விண்ணப்பதாரர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். எல்லா விளக்கமும் வந்து சேரும்வரை கோப்பு, முடிவெடுக்கும் மாதக் கூட்டத்துக்குப் போகாது.

நான் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கலாம். ஒரு கடிதம் ஒரு விளக்கத்தில் முடிந்துவிடும். அதனால் ஒவ்வொன்றாக எழுதினேன். பெயர்ப் பலகையில் மலாய் எழுத்து ஆங்கிலத்தைவிடச் சிறியது. அதைப் பெரிதாக்கி விளக்கம் தந்தார்கள். விளக்கம் வந்த வாரம் அடுத்தது: வேலியின் ஒரு மூலை சாக்கடைக்கு ஒதுக்கிய நிலத்தில் நிற்கிறது. அதற்கு நில அளவையாளரை வரவழைத்தார்கள். அதன்பின்: மஞ்சள் கோபுரத்தின் விளக்கு இரவில் படகுக்காரர்களின் கண்ணில் அடிக்கிறது. இரண்டாவது கோபுரம் நடும் தொடக்க விழாவுக்குப் பெரிய ஆட்கள் வருவதாக இருந்தது. கூடாரம்கூடப் போட்டுவிட்டார்கள். விழா இரண்டு முறை தள்ளிப்போனது. கூடாரத்தைப் பிரிப்பதைப் பார்ப்பதற்காகவே நான் குடியிருக்கும் புக்கிட் பெருவாங்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன். எதிர்க்கடையில் தே தாரேக் குடித்தபடி கடைசிக் கம்பி இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். மனைவி போனபிறகு எனக்கு டீ ருசித்தது அன்றுதான்.

மனைவியின் முதல் திதிக்குச் சில வாரங்கள் இருந்தபோது அந்த மக்கள் தொடர்புப் பெண் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தாள். மகனும் அந்த வாரம் வந்திருந்தான்.

"உங்களுக்கு என்னதான் வேணும் அங்கிள்?"

"வழி."

"ஆன்ட்டி திதிக்கு நாங்களே கேட் திறந்து விடறோம். அப்ரூவல் எல்லாம் நானே எடுத்துட்டேன். கார் உள்ள வரலாம், சேர் போட்டு வைக்கிறோம்."

"எனக்கு மட்டும் திறந்தா அதுக்குப் பேரு வழி இல்லம்மா. விருந்தாளி வாசல். நாளைக்கு இன்னொருத்தன் பானையோட வந்தா?"

"அதுக்குத்தான் ஆபீஸ் முடிவு வரணும் அங்கிள். நீங்க எழுதிக்கிட்டே இருந்தா எப்படி வரும்? போன வாரம்கூடக் காவல் கூண்டுக்கு பெர்மிட் இல்லன்னு எழுதியிருக்கீங்க. அதனால இந்த மாசக் கூட்டமும் போச்சு." கூடையின் பிளாஸ்டிக்கை நீவிக்கொண்டே சொன்னாள். "நான் இன்னும் புரோபேஷன்ல இருக்கேன்."

"பெர்மிட் இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவள் போனபிறகு மகன் பழக்கூடையைப் பார்த்தபடியே கேட்டான். "இந்த மாசக் கூட்டத்துல வழி கெடைச்சிருக்குமாப்பா?"

"கெடைச்சிருக்கும்."

"தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"முப்பது வருஷம் அந்த வேலைதானே பார்த்தேன்."

"அம்மாவுக்குத் திதி கொடுக்கணுமா, கம்பெனிக்குத் திதி கொடுக்கணுமா?"

இரண்டுக்கும் ஒரே பண்டாரம் போதும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் அந்தப் பெண்ணுக்கு போன் செய்தான்.

திதியன்று அவனும் பண்டாரமும் விருந்தாளி வாசல் வழியாக உள்ளே போனார்கள். நான் போகவில்லை. போயிருந்தால் அத்தனை ஆட்சேபத்தையும் நானே வாபஸ் வாங்கிய மாதிரி. வேலிக்கு வெளியே, சாக்கடை வாயருகே நின்றேன். கடல் நிறைந்திருந்தது. மஞ்சள் தொப்பியோடு என் மகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். பண்டாரம் கரையிலிருந்து சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டான். அந்தப் பெண் கனத்த பாதுகாப்புக் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மணலில் வெறுங்காலோடு நின்றாள். யாரும் அவளைக் கழற்றச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது அவர்களுடைய விதிக்கு மாறானதும்கூட. அதை நான் எங்கும் எழுதவில்லை.

பிண்டத்தைத் தண்ணீரில் விடும்போது மகன் ஒருமுறை என் பக்கம் திரும்பினான். அந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை. மனைவியின் பெயரை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அன்று மாலையே அவன் பஸ் ஏறிவிட்டான்.

இந்தப் பக்கம் நின்றதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் நிற்பேன். தள்ளிப்போன கூட்டத்தில் இரண்டாவது கோபுரத்துக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். நிறுவனம் தன் செலவிலேயே வேலியைப் பிடுங்கி, பத்தடி அகலத்துக்குத் தடையில்லாத பொதுவழி விட வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார்கள். கடிதத்தைப் போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். என் மனைவியின் திதி ஐப்பசித் தேய்பிறை சப்தமி. கடிதம் என் கைக்கு வந்தது மறுநாள், அஷ்டமியன்று.