களி கிண்டியது யார்?

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். உயர்கல்வியால் ஊருக்கு என்ன பயன் என்று ஆராய்வதும் என் வேலை. இதைச் சொன்னால் உறவுக்காரர்கள், "இதுல ஆராய என்ன கெடக்குது? படிச்சா வேலை, இல்லன்னா வூடு" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். நான் விடுகிற ஆள் இல்லை. விடுமுறை வந்தால் பஸ் ஏறி ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, வீடு வீடாகப் போய்க் கேட்பேன்.

"உங்க வூட்ல காலேஜ் படிச்சவங்க யாருங்க?"

பாப்பாரப்பட்டிப் பக்கம் இதற்கு வந்த பதில்களில் பெரும்பாலும் ஆண்கள்தான். ஓசூர் கம்பெனியில் ஒரு மகன், பெங்களூரில் ஒரு தம்பி. எனக்குக் கோபம் வந்தது. என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். வருடா வருடம் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். போனவர்கள் எல்லாம் எங்கே? காற்றிலா கரைந்துபோனார்கள்?

விடை ஓர் ஓட்டு வீட்டு வாசலில் கிடைத்தது. அந்த வீட்டு அம்மா முறத்தை மடியில் வைத்துக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"எங்க வூட்ல யாரும் அந்த அளவுக்குப் படிக்கலீங்க மேடம். பையன் டெம்போ ஓட்டறான். பொண்ணு பி.ஏ. படிச்சுது. அதைத்தான் கட்டிக் குடுத்துட்டோமே, இனி அது அவங்க வூட்டு ஆளு."

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "நான் பி.எஸ்சி. மேத்ஸுங்க மேடம்."

மருமகள். கையைப் புடவையில் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

"இவ சும்மாதானுங்களே இருக்கா. வேலைக்குப் போறவங்களைக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றார் மாமியார், கொஞ்சமும் சங்கடப்படாமல்.

அப்பாடா, பிடிபட்டது. கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த வீடு சேர்த்துக்கொள்வதில்லை. வேலைக்குப் போகாத மருமகளைப் புகுந்த வீடு சேர்த்துக்கொள்வதில்லை. என் மாணவிகள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தொலைந்துகொண்டிருந்தார்கள்.

கிளம்ப எழுந்தேன். மருமகள் விடவில்லை.

"மேடம், எனக்கு பி.எட். சீட் கெடச்சிருக்குதுங்க. திங்கக்கெழமைக்குள்ள சேரணும். வூட்டுக்காரரு, அம்மா சரின்னா சரிங்கறாரு. அத்தை வேண்டாங்கறாங்க. நீங்களே கொஞ்சம் சொல்லுங்க."

அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளின் அவசரம் மட்டும் இருந்தது.

"படிச்ச படிப்பே சும்மா கெடக்குது, அதுக்கு மேல இன்னொண்ணா?" என்றார் மாமியார். "ஏற்கெனவே எனக்கு நிம்மதி இல்லீங்க. சாயங்காலமானா வாசல் முழுக்கச் செருப்பு. கால் வெக்க எடமில்ல."

"யாரு செருப்புங்க?"

"பத்தாவது, பன்னண்டாவது புள்ளைங்கதான். இவகிட்ட கணக்குக் கேக்க வருதுங்க. பக்கத்து வூட்டுப் பொண்ணு கணக்குல பெயிலாயிடுச்சுன்னு கல்யாணம் பேசினாங்க. இவதான் சண்டை போட்டு, உக்கார வெச்சுச் சொல்லிக்குடுத்தா. இப்ப அது பாலிடெக்னிக் போவுது." புகாராகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது முகத்தில் பெருமை தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்கம்மா, சும்மா கெடக்கற படிப்புக்கா தெருவே வந்து செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உக்காருது?"

அவர் இன்னும் நாலு கடலைக்காயை உடைத்தார். பிறகு உண்மையான கவலை வெளியே வந்தது.

"மாட்டை யாரு பாக்கறது? சோறாக்கறது யாரு?"

அதற்கு மருமகளே பதில் சொன்னாள். "மாட்டு வேலையை நான் விடிகாலையிலயே முடிச்சிடறேங்க அத்தை. காலைச் சோறு மட்டும் நீங்க பாத்துக்குங்க."

மாமியார் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் பஸ் வந்துவிட்டது.

அன்றிலிருந்து என் கேள்வியை மாற்றினேன். "இன்னைக்குக் காலையில ராகிக் களி கிண்டுனது யாருங்க? அவங்க என்ன படிச்சிருக்காங்க?" பென்னாகரத்திலும் பொம்மிடியிலும் அடுப்படிகளிலிருந்து எம்.காம்.களும் பி.ஏ.க்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தெருவுக்கே ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துச் சொல்கிறாள். இன்னொருத்தி, பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்கு நடக்கவிருந்த கல்யாணத்தை ஒரு போன் போட்டு நிறுத்தியிருக்கிறாள். சம்பளத்தை வைத்து மட்டும் படிப்பை அளக்கிறவர்கள் கண்ணுக்கு இவர்கள் படமாட்டார்கள். இவர்களுக்கு வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் அதுவரைக்கும் அந்தப் படிப்பு தூங்கவில்லை என்று எந்த மேடையிலும் அடித்துச் சொல்வேன்.

புளி தட்டும் காலத்தில் மறுபடி அந்த ஓட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை என்ன ஆனது என்பது இத்தனை மாதமும் என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வழக்கமான கேள்வியையே போட்டேன்.

"இன்னைக்குக் களி கிண்டுனது யாருங்கம்மா?"

"படிச்சவ காலேஜுக்குப் போயிட்டா. நான்தானுங்க கிண்டுனேன்" என்றார். "நான் அஞ்சாவது. எழுதிக்குங்க."