தொட்டுப் பார்க்காத கால்

என் இடது கால் செருப்பு கழன்று போனதை எனக்குச் சொன்னவர், பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வடை சுட்டு விற்கும் ஓர் அம்மா. "அங்கிள், செருப்பு" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். திரும்பிப் பார்த்தேன். சில கடைகள் தள்ளி, நடைபாதை நடுவில், என் செருப்பு மட்டும் யாருக்கோ காத்திருப்பதுபோல் கிடந்தது. மத்தியான வெயிலில் கொதிக்கும் சிமெண்டில் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு வந்திருக்கிறேன். சூடு தெரியவில்லை.

"அதுக்கு என்கூட வர இஷ்டமில்ல போலக்கா" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினேன், சிரித்துக்கொண்டேதான் என் அறுவை சிகிச்சை மருத்துவரின் கிளினிக் படியேறினேன். உள்ளுக்குள் பயம்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பயமுறுத்த அல்ல. அதைச் செய்துகொண்டு நன்றாக இருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். எனக்கும் கத்தி சரியாகத்தான் பட்டது. கத்தியைக் கீழே வைத்த பிறகு நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கிள்ளானில் கல்யாண விருந்துகளுக்கு அறிவிப்பாளர். மைக்கைப் பிடித்தால் என் தொந்திதான் எனக்கு மூலதனம். "மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் என் வயிறு மேடைக்கு வந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று ஆரம்பித்தால் கடைசி மேசை வரை சிரிக்கும். சர்க்கரை ஏறி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்த பிறகு, என் மனைவி சாரதா மட்டும் அந்த ஜோக்குக்குச் சிரிப்பதை நிறுத்தினாள்.

மருத்துவர் என்னைவிட இளையவர். அவருடைய தங்கை கல்யாண விருந்தை நான்தான் நடத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவருக்கு அண்ணே, அவர் எனக்கு நம்ம ஆளு. இன்னும் ஒருவரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்று சாரதா சொன்னாள். "நம்ம ஆளு இருக்கும்போது வெளியில போனா அவரு என்ன நெனப்பாரு?" என்றேன். வெட்டப்போவது என் வயிறு. நான் கவலைப்பட்டது அவர் மனசைப் பற்றி.

எனக்குச் செய்தது ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சட்டைக் கை மாதிரி ஒரு குறுகலான குழாயாகத் தைத்துவிடும் முறை). அன்று காலை என்னைத் தள்ளு கட்டிலில் படுக்கவைத்துத் தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். பயத்தில், போகிற வருகிற நர்ஸ்களிடமெல்லாம், எடுக்கிற இரைப்பையைப் பொட்டலம் கட்டித் தருவீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவர் வந்தார். எல்லோரும் பார்க்க, குனிந்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் பாதங்களைத் தொட்டார்.

"ஆசீர்வாதம் பண்ணுங்கண்ணே. நல்லபடியா முடிச்சிர்றேன்."

பாதி விளையாட்டுதான். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தி பிடிக்கப் போகிறவர் என் காலைத் தொடுகிறார். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டாளே என்று சாரதாவைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தேன். அவள் என் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் முதலில் தண்ணீர், பிறகு சூப், பிறகு மசித்த உணவு என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். மசித்த உணவுப் படியில் நான் வழுக்கினேன். ஒரு தேக்கரண்டி பருப்பு இறங்கும், நெஞ்சுக்கு நடுவில் நிற்கும், கொஞ்சம் யோசிக்கும், திரும்பி வந்துவிடும். வைட்டமின் மாத்திரையும் கூடவே வந்துவிடும். போகப் போகத் தண்ணீரும் அதே வழியில் திரும்பியது.

மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதைக் கேளுங்கள். "டாக்டர், இத்தனை வருஷமா நான் சொல்லப் பயந்ததை இப்ப என் வயிறு சொல்லுது. சாரதா சமையலைத் திருப்பி அனுப்புது" என்று எழுதினேன். சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகம் ஒன்று வந்தது. கீழே, "நார்மல் லா அண்ணே. மெதுவா சாப்பிடுங்க." அடுத்த முறை வெறும் கட்டை விரல். அதற்கடுத்த முறையும் கட்டை விரல். என் மறு பரிசோதனை நாளன்று அவர் வெளிநாட்டில் ஏதோ மாநாட்டில் இருந்தார். கூடவே இருந்து வழிகாட்டுவார் என்று சொல்லப்பட்ட உணவியல் நிபுணர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். கிளினிக் உதவியாளர் என்னைத் தராசில் ஏற்றி, "நல்லா எறங்கிட்டீங்க அங்கிள்" என்று கைதட்டினார். அதோடு பரிசோதனை முடிந்தது.

தராசு இறங்க இறங்க எல்லோரும் பாராட்டினார்கள். கோயிலில் பார்த்தவர்கள், மண்டபத்துக்காரர், பலகாரக் கடைக்காரர் எல்லோரும். பட்டினி கிடந்து கரைகிற மனிதனுக்கும் சிகிச்சையில் இளைக்கிற மனிதனுக்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. சாரதாவுக்கு மட்டும் தெரிந்தது. வாந்திச் சட்டியைக் கழுவியவள் அவள்.

ஒருநாள் கழுவிவிட்டு வந்து கேட்டாள். "நீங்க அவருக்கு அண்ணனா, பேஷண்டா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டு வேலை பாக்காதீங்க. ஒண்ணை விடுங்க."

விட்டிருக்க வேண்டியது எது என்று எனக்கு அப்போதே தெரியும். நோயாளி என்றால் முறையிடலாம், கோபப்படலாம், வேறு மருத்துவரிடம் போகலாம். அண்ணன் என்று கூப்பிட்ட பிறகு எப்படிப் போவது? தம்பி பிஸியாக இருக்கிறான் என்று பொறுத்துக்கொள்வதுதானே அண்ணனுக்கு மரியாதை? அந்த ஒரு சொல்லுக்காக நான் பெரிய மனிதனாக நடந்துகொண்டேன். பெரிய மனிதன் குளியலறையில் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

செருப்பு கழன்ற நாளுக்கு வருகிறேன். ஒருவழியாக அவரை நேரில் பார்க்க முடிந்த நாள் அது. உட்கார்ந்ததும், "டாக்டர், என் கால் ரெண்டும் எங்கிட்ட சொல்லாமலே லீவு எடுத்துக்கிச்சு" என்றேன். வடையம்மா, தனியாகக் கிடந்த செருப்பு எல்லாவற்றையும் மேடையில் சொல்வதுபோலவே சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். எடை சட்டென்று இறங்கினால் நடையில் சமநிலை மாறும், அது நார்மல் என்றார். களைப்பாக இருந்தால் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டிரிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

என் கால் அவர் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தது. எழுந்து சுற்றி வந்தால் போதும். அவர் எழவில்லை. நானும் காலைத் தூக்கிக் காட்டவில்லை. நன்றாகச் சிரிக்க வைத்த திருப்தியோடு கொமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளானில் இறங்கும்போது, ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவில் என் பாதம் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் வைக்க முடிந்தது.

பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினார்கள். மறுநாள் காலை எழுந்தபோது எதிரே இரண்டு சாரதா நின்றார்கள்.

ஒரு சாரதாவுக்கே பதில் சொல்ல முடியாதவன் நான். உங்களில் ஒரிஜினல் யார் என்று இருவரையும் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள். காரில் ஏற்றியபோது, என் சாவு வீட்டில் யார் மைக் பிடிப்பார்கள் என்று யோசித்தேன். என்னைவிட மோசமாகப் பேசுகிற ஒருவர் பெயர் நினைவுக்கு வந்ததும் அந்தப் பயம் சாவுப் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. அந்த நிலையிலும், "டாக்டருக்கு ஒரு மெசேஜ் போட்டுடு, தப்பா நெனச்சுக்கப் போறாரு" என்று சாரதாவிடம் சொன்னேனாம். அவள் என் கைப்பேசியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அரசாங்க மருத்துவமனையில் என்னைப் பார்த்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர். "காக்கி கெபாஸ், அங்கிள்?" என்றார். கால் மரத்துப் போயிருக்கிறதா என்று கேட்கிறார்.

எனக்கு மலாய் தண்ணீராக வரும். பள்ளிக்கூடத்தில் படித்தது, கவுண்டர்களில் பேசிப் பழகியது. ஜோக் மட்டும் அதில் வராது. என் கோமாளித்தனம் முழுக்கத் தமிழில்தான் குடியிருக்கிறது. வாயைத் திறந்தேன். ஒப்பனை இல்லாமல் வந்தது: பல வாரமாகத் தினமும் வாந்தி. தண்ணீரும் தங்குவதில்லை. கால் மரத்திருக்கிறது. செருப்பு கழன்றால் தெரியவில்லை. இன்று எல்லாம் இரண்டாகத் தெரிகிறது.

நானும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஆளுக்கு மிகவும் முடியவில்லையே என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் என் சாக்ஸைக் கழற்றினார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சால் பாதத்தைத் தொடப்போவதாகவும், தெரிந்ததும் சொல்லும்படியும் சொன்னார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. தொட்டாயிற்றா டாக்டர் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சாரதா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தொட்டாயிற்று என்று அதில் தெரிந்துகொண்டேன்.

எனக்கு வந்திருந்தது தயமின் பற்றாக்குறை (தயமின் என்பது பி1 வைட்டமின். உடலில் அதிக நாளுக்குச் சேமிப்பு இருக்காது. வாந்தி நிற்காதவர்களுக்குச் சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்தால் நரம்பும் மூளையும் கெடும்). அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சம் இருப்பதையும் அது தின்றுவிடும் என்று விளக்கினார்கள். முதலில் இரத்தக் குழாய் வழியாக பி1 ஏற்றினார்கள். எண்டோஸ்கோபி (வாய்வழியே குழாய்க் கருவி விட்டு உள்ளே பார்ப்பது) செய்ததில், தைத்த இரைப்பை ஆறும்போது ஓரிடத்தில் சுருங்கி அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பலூன் வைத்து விரித்தார்கள். பிறகு குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கியது. அன்று நான் குடித்த தண்ணீரின் ருசியை எந்தக் கல்யாண விருந்திலும் கண்டதில்லை.

கண் சில நாட்களில் சரியானது. சாரதா மறுபடி ஒருத்தியானாள். கால் வரவில்லை. நரம்பு மெதுவாகத்தான் தேறும், முழுக்கத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் அந்த மருத்துவர். முன்பே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். அவர் என் போர்வையைச் சரிசெய்தார்.

"லகி ஆவால், லகி பாயிக், அங்கிள்." இன்னும் முன்னால் என்றால், இன்னும் நல்லது.

அவர் அதை மென்மையாகத்தான் சொன்னார். நான் இன்னும் அதை மென்று முடிக்கவில்லை.

உங்களுக்கு வாந்தி நிற்கவில்லை என்றால், யார் நார்மல் என்று சொன்னாலும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். டிரிப் ஏற்றப்போகிறவரிடம் இந்த அறுவை சிகிச்சையையும் வாந்தியையும் சொல்லி, முதலில் பி1 வேண்டுமா என்று கேளுங்கள். இன்னொன்று, சிரிக்காமல் சொல்லுங்கள். ஆனால் சிரித்தாலும் காலைப் பார்க்க வேண்டியது மருத்துவரின் வேலைதான். இதை எனக்கே நான் நம்பவைக்க ரொம்ப நாள் ஆனது.

நடக்கப் பழகிய பின் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அறுவை சிகிச்சை நடந்த தனியார் மருத்துவமனையின் நிர்வாகத்துக்குச் சாரதா புகார் கொடுத்திருந்தாள், அது அதன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது. நான் போனது நம்ம ஆளு முகத்தைப் பார்க்க. கைத்தடியோடு நான் உள்ளே நுழைந்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். இந்த முறை தமிழிலேயே, ஒரு ஜோக்கும் இல்லாமல்.

அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்க சீரியஸா சொல்லவே இல்லையேண்ணே. சிரிச்சுக்கிட்டேதானே சொன்னீங்க."

அது உண்மை என்பதுதான் கொடுமை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி என் காலைத் தொட்டீங்க டாக்டர். அதுக்கப்புறம் தொடவே இல்ல."

அவர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, செருப்பின் பட்டையை அவிழ்த்தார். இடது பாதத்தின் மேல் கையை வைத்தார்.

"தெரியுதாண்ணே?"

"தெரியுது. பாத்துக்கிட்டு இருக்கேன், அதனால."

அவர் கையை எடுக்கவில்லை. நானும், இனி என்னை அண்ணே என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இப்போதும் மைக் பிடிக்கிறேன். தொந்தி ஜோக்குகளுக்குத் தொந்தி இல்லை, பழைய சட்டைகளோடு அவற்றையும் மடித்து வைத்துவிட்டேன். மேடைப் படியில் முதலில் கண் ஏறுகிறது, பிறகுதான் கால். விளக்கை அணைத்துவிட்டு மணமக்கள் மீது மட்டும் வெளிச்சம் போடும்போது நான் அசையாமல் நிற்கிறேன். இருட்டில் எனக்குப் பாதங்கள் கிடையாது.

சாப்பாடு ஒரு வாய் போட்டால், அது இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்த முடியாது. பொழுதெல்லாம் இப்போது அந்த வேகத்தில்தான் நகர்கிறது. சாயங்காலம் சாரதா என் பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். உடனே நாக்கு நுனிக்கு ஒரு ஜோக் வரும். இன்னும் நல்ல ஜோக்காகத்தான் வருகிறது. ஒரு வாய்ச் சோற்றைப்போல அது இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன். அவளும் எண்ணெய்க் கையோடு காத்திருக்கிறாள்.

பிறகு சொல்கிறேன். "வலது பரவால்ல. இடது இன்னும் தெரியல."