தேய்ந்துபோன எண்பதாம் நம்பர்

இந்த ஊரில் உப்புத்தாளைப் பாதியிலேயே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கரையான்சாவடியில் நான் வேலை செய்யும் டிங்கர் பெயிண்டிங் ஷெட்டில் தினமும் காலையில் இதைப் பார்க்கிறேன், தினமும் நெஞ்சு பதைக்கிறது. நேற்றுத்தான் வாங்கிய தாள். நாலு இழுப்பு இழுத்தது, ஓரம் கொஞ்சம் மழுங்கியது, இன்று டீக்கடை அடுப்புக்குப் போகிறது. ஊரில் இருக்கும் என் கூட்டாளிகளே, என்னைப் போலக் கடல் தாண்டி எங்கெங்கோ ஒதுங்கிக் கிடப்பவர்களே, நீங்கள் நம்பமாட்டீர்கள். இங்கே ஹார்டுவேர் கடையில் எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு என்று, நம்பர் ஏற ஏற மணல் பொடியாகிற வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டால் தருகிறார்கள். எதற்கு என்று யாரும் விசாரிப்பதில்லை. முதல் தடவை வாங்கியபோது, விசாரிக்காமல் தருகிறானே, பின்னால் ஆள் வைத்துப் பிடிக்கப் போகிறானோ என்று தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கராஜின் கதை உங்களுக்குத் தெரியும். யுத்தத்தால் சாமான்கள் வராத காலம். ஒரு தாள் கையில் வந்தால் அதை நாலாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டையும் மூன்றாக மடித்து, அதன் உயிர் போகும்வரை தேய்ப்போம். எண்பதாம் நம்பர் கொஞ்சம் தேய்ந்தால் அது நூற்றிருபது. இன்னும் தேய்ந்தால் இருநூற்றிருபது. முன்பக்கம் எது, முதுகு எது என்று தெரியாமல் போகும்போது அதற்கு நானூறு என்று பதவி உயர்வு கொடுத்துவிடுவோம். அந்த நானூறைக் கொண்டுதான் அப்பன் காலத்து ஆஸ்டின் ஏ போர்ட்டி கார்களையெல்லாம் புதுப்பெண்ணாக்கி அனுப்பினோம். யாரும் குறை சொன்னதில்லை. குனிந்து பார்த்துக் குறை சொல்ல அங்கே யாருக்கும் நேரமும் இருக்கவில்லை.

ஷெட்டின் முதலாளி பெயர் டில்லி. ஷெட் நிற்கும் இடம் முன்பு அவன் குடும்பத்தின் வயல். என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஆனால் பெயிண்ட் விஷயத்தில் கறாரானவன். நசுங்கிய இடத்தில் பூசிய பட்டி காய்ந்ததும் எண்பதைக் கட்டையில் சுற்றித் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நூற்றிருபது, இருநூற்றிருபது. அதன்மேல் பிரைமர் அடித்து, தண்ணீர் விட்டு நானூறு. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரே வேலைதான், முந்தியது போட்ட கீறலை அழிப்பது.

"நடுவுல ஒண்ணத் தாண்டிட்டுப் போனா பெயிண்டு காட்டிக் குடுத்துடும் அண்ணாத்தே," என்பான்.

காட்டிக் கொடுப்பது என்ற சொல்லைக் கேட்டாலே நான் வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். அவன் பெயிண்டைத்தான் சொல்கிறான் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

என் நிலைமை அப்படி. அகதி முகாமுக்குப் போகாமல் காட்டுப்பாக்கத்தில் ஒரு அறை எடுத்து மனைவியோடு இருக்கிறேன். மாதாமாதம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இன்னார் இன்ன இடத்தில்தான் இருக்கிறேன் என்று முகம் காட்ட வேண்டும். அங்கே மேசைக்குப் பின்னால் இருக்கும் எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்து, சரி, போ என்றால் இன்னும் ஒரு மாதம் அறை எங்களுடையது. ஒருநாள் அவர் சரி என்று சொல்லாவிட்டால், பெட்டியைக் கட்டிக்கொண்டு முகாமுக்கு வண்டி ஏற வேண்டியதுதான். அந்த ஒரு சொல்லுக்காக ஸ்டேஷன் வாசலில் நான் தலை வாரிக்கொள்ளும் அழகைப் பார்த்தால், பெண் பார்க்க வந்தவன் என்று நினைப்பீர்கள்.

அந்த எஸ்.ஐ.தான் ஒரு நாள் தன்னுடைய சொந்த பத்மினி காரை ஷெட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். டிக்கியில் பெரிய நசுங்கல். ஆவடியில் அவருடைய தங்கைக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான். கறுப்பு. "மொகம் தெரியணும்," என்றார். என்னைப் பார்த்து, "நீ இங்கதான் இருக்கியா?" என்றும் கேட்டார். இங்கேதான் இருக்கிறேன் என்று மாதாமாதம் அவரிடமே சொல்லி வருபவன் நான். ஆனாலும் அந்தக் கணத்தில் எனக்கே சந்தேகமாகிவிட்டது.

நசுங்கலை எடுத்து, பட்டி போட்டு, தேய்ப்பதெல்லாம் என் பங்கு. எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது என்று தப்பில்லாமல் ஏறினேன். பிரைமரும் ஆயிற்று. கடைசி நானூறு பாதியில் நைந்துவிட்டது. எட்டினால் புதுத்தாள் இருக்கிறது, என் கைதான் பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குள் போயிற்று. குப்பையிலிருந்து நான் காப்பாற்றி வைத்திருக்கும் துண்டுகள் அங்கேதான் வசிக்கும். வழுவழுவென்று ஒன்று அகப்பட்டது. முதுகில் நம்பர் அழிந்திருந்தது. எங்கள் ஊர்க் கணக்கில் அசல் நானூறு. தண்ணீரில் நனைத்து மிச்சத்தைத் தேய்த்து முடித்தேன்.

மாப்பிள்ளை அழைப்பன்று காலை டில்லி கறுப்பு அடித்தான். ஈரத்தில் கண்ணாடிதான். நானே பார்த்து மீசையை நீவிக்கொண்டேன். மத்தியானம் பெயிண்ட் காய்ந்து உள்ளே அமுங்க அமுங்க, டிக்கியின் இடது பாதியில் பூனை பிறாண்டியது போலக் கோடுகள் எழுந்து வந்தன. தேய்ந்த எண்பதில் சாகாமல் இரண்டு மூன்று மணல் இருந்திருக்கிறது. டில்லி விரலால் தடவிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே இது, டிக்கி மேல ஏர் ஓட்டி வச்சிகீறே? நெல்லு வெதச்சா வந்துடும் போல கீது!"

"எஸ்.ஐ. எத்தனை மணிக்கு வருவார்?"

"நாலுக்கு. ஏன், ஓடிடப் போறியா? சோத்து மூட்டைய இங்கயே வச்சிட்டுப் போ, நான் துன்னுக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மூளை அதற்குள் ஆவடிக் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டது. சம்பந்தி வீட்டார் டிக்கியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எஸ்.ஐ.யின் முகம் சிவக்கிறது, முகாமுக்குப் போகும் வண்டியில் என் மனைவி சட்டிபானையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையோடு ஒப்பிட்டால் எஸ்.ஐ. தேவலை. மீண்டும் நானூறு போட்டுக் கோடுகளைத் தேய்த்து அழித்து, மீண்டும் அடிக்க வேண்டும். வேறு வழி இல்லை. இந்த பெயிண்ட் சீக்கிரம் காயும் என்பதுதான் ஒரே ஆறுதல். வாளித் தண்ணீரில் தாளை நனைத்தேன். வாசலில் ஜீப் ஒன்று எஸ்.ஐ.யை இறக்கிவிட்டுப் போயிற்று. நாலு மணி ஆவதற்கு வெகு நேரம் இருந்தது.

"என்னய்யா, அடிச்ச பெயிண்ட்ட நீயே சொரண்டிக்கிட்டு இருக்கே?"

நான் செய்த முட்டாள்தனத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பக்கத்தில் கிடந்த அந்தப் பழைய துண்டைச் சட்டென்று எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். போலீஸ்காரர் முன்னால் கையை மூடுகிறவனை உலகத்தில் எந்தப் போலீஸ்காரர் சும்மா விட்டிருக்கிறார்?

"கைய தொற."

திறந்தேன்.

"பையில என்ன?"

"ஒண்டுமில்லை சேர்."

ஒன்றுமில்லாத பையிலிருந்து துண்டு துண்டாக உப்புத்தாள் கொட்டியது. மடித்தது, நைந்தது, முதுகு மட்டும் மிஞ்சியது. எஸ்.ஐ. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எதுக்குய்யா இத சேத்து வச்சிருக்கே?"

"அங்க கிடைக்காது சேர்."

"இங்கதான் கடை கடையாத் தொங்குதே?"

"ஓம் சேர்."

"அப்புறம்?"

கொட்டிய துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன். டில்லி இடையில் புகுந்தான். காப்பாற்றத்தான் வருகிறான் என்று நம்பினேன். "அதுல ஒண்ண வச்சித்தான் சார் உங்க டிக்கியத் தேச்சிட்டாரு. ஆனா ஒரு மணி நேரம் குடுங்க, கோடு இருந்த எடமே தெரியாது. நான் பொறுப்பு."

எஸ்.ஐ. குனிந்து கோடுகளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். போலீஸ் காவலில் உப்புத்தாள் தேய்த்த முதல் அகதி நானாகத்தான் இருக்க வேண்டும். புதுத்தாள், சோப்புத் தண்ணீர், சீரான கை. டில்லி தாளை நாலாகக் கிழிக்கவிடவில்லை. கொஞ்சம் மழுங்கியதும் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்ததைக் கொடுத்தான். எறிந்த ஒவ்வொன்றின் பின்னாலும் என் கண் போயிற்று, எஸ்.ஐ.யின் கண் என் கண்ணின் பின்னால் போயிற்று. கறுப்பு மறுபடி ஏறியது. காய்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். கோடு வரவில்லை. ஆயிரம் நம்பர் போட்டு லேசாக நீவி, பளபளப்புக்குக் காம்பவுண்ட் பசை வைத்து, பனியன் துணியால் தோள் கழலும்வரை துடைத்தேன்.

எஸ்.ஐ. டிக்கியில் முகம் பார்த்தார். மீசையைச் சரிசெய்தார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, காரில் ஏறப்போனவர் திரும்பினார்.

"நீ ஊருக்குத் திரும்பிப் போயிட்டா இந்த வண்டிய யாருய்யா பாக்குறது?"

இந்த ஊரில் என்னைப் பற்றி ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டிருக்கலாம். நானோ, இது பாராட்டா விசாரணையா என்று வியர்த்தேன்.

"போகமாட்டன் சேர்," என்றேன். சொன்னதும், போகமாட்டேன் என்கிற அகதியை எழுதி வைத்துக்கொள்வார்களே என்று அவசரமாகத் திருத்தினேன். "இல்லை சேர், போவன். கட்டாயம் போவன்."

"எதாச்சும் ஒண்ணச் சொல்லுய்யா," என்று சிரித்துவிட்டு அவர் காரைக் கிளப்பினார்.

கார் ஷெட்டை விட்டு மெயின் ரோட்டுக்குத் திரும்பியது. கறுப்பு டிக்கியின் பளபளப்புக்குள் என் முகத்தோடு ஒருவன் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தான். கார் போகப் போக அவன் சின்னதாகி, கல்யாணத்துக்குப் போகிறவனைப் போல ஆவடிப் பக்கம் போய்க்கொண்டே இருந்தான். இன்னொருவன் டில்லியின் பக்கத்தில் வாளியோடு நின்றான். போவேனா மாட்டேனா என்று எஸ்.ஐ.க்குப் பதில் சொல்ல வேண்டியவன் இந்த இரண்டு பேரில் எவன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன், டிக்கி கண்ணிலிருந்து மறையும்வரை.