மஞ்சக் கழனிக்காரி

நைனார்பாளையத்துக்கு மேற்கே தைலம்மாளுக்கு இரண்டு கழனிகள். சாலையை ஒட்டியது மேல் கழனி. அதில் பாய்ந்த தண்ணீர் மடை வழியாக இறங்குவது கீழ்க் கழனிக்கு. ஊரில் அவளுக்கு ‘மஞ்சக் கழனிக்காரி’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. உர மூட்டையை நிறுத்திவிட்டு எருவும், சாணியும் கோமியமும் கரைத்துப் புளிக்கவைத்த ஜீவாமிர்தமுமாக இறங்கியதிலிருந்து, அவள் நெற்பயிர் ஒவ்வொரு சாகுபடிப் பட்டத்திலும் கொஞ்ச நாள் வெளுத்து நிற்கும். பிறகு மெல்லத் தேறி வரும். வெளுத்து நின்றதை ஊர் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டது. தேறி வந்ததைப் பற்றி ஒருவர் வாய் திறக்க வேண்டுமே! மூச்.

அவள் இயற்கை விவசாயத்துக்கு வந்ததற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. காரணம் அவள் புருஷன் தங்கதுரைதான். கத்திரிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவன் எதிர்க்காற்றில் மாட்டி, வரப்பிலேயே சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மனுஷன் கேட்ட முதல் கேள்வி, "மீதி கத்திரிக்கு யாரு அடிக்கிறது?" தைலம்மாளுக்கு வந்ததே கோபம்! வீடு திரும்பிய கையோடு மருந்து டேங்கைப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"இனிமே நம்ம கழனியில மருந்தும் கெடையாது, உரமும் கெடையாது. உன்ன வச்சிக்கினு நான் வாழணும்யா" என்றாள்.

பிச்சைமுத்து தலைவராக இருந்த இயற்கை விவசாயக் குழுவில் போய்ச் சேர்ந்தாள். அந்தக் குழுவில் ஒருவர் கழனியை மற்றவர்கள்தான் போய்ப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல வேண்டும். மூன்று வருஷம் உரமும் மருந்தும் தொடாமல் இருந்தால் சான்றிதழ். நடுவில் யூரியா விழுந்தால் அந்தக் கழனிக்கு வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. தைலம்மாளுக்கு இது மூன்றாவது வருஷம். இந்த அறுப்பு முடிந்தால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வேளாண்மை அதிகாரி செந்தமிழ்ச்செல்வி ஒரு கூட்டம் போட்டார். இயற்கை விவசாயிகளுக்கு என்னென்ன கஷ்டம், அரசாங்கம் என்ன செய்தால் தேவலை என்று அவர்கள் வாயாலேயே கேட்டு மேலே எழுதப் போகிறாராம். கூட்டம் தைலம்மாளின் மேல் கழனி ஓரத்து வேப்பமரத்தடியில். முந்தின வாரம் முழுக்க அவள் எலவனாசூர்கோட்டையில் தங்கை மகள் கல்யாணத்தில் இருந்தாள். போகும்போது பயிர் வழக்கம்போல் வெளுத்திருந்தது. ஜீவாமிர்தத்தைக் கலக்கித் தண்ணீரோடு விடும் வேலையைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். கூட்டத்தன்று பஸ்ஸை விட்டு இறங்கி, கல்யாணப் பையோடு நேராகக் கழனிக்கு வந்தாள்.

மேல் கழனியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. கரும்பச்சை! அதுவும் வளைவு வளைவாக, யூரியாவைக் கை வீசிப் போட்ட தடம் தடமாக. தடம் சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தால் இடது கை வீச்சு. அந்த ஊரில் இடது கையால் உரம் வீசுகிற ஆள் ஒருவன்தான். அவன் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை விரித்தான், மடித்தான், மறுபடி விரித்தான்.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்க?"

"ரோட்டோரக் கழனிக்கு மட்டுந்தான் தைலு. அரை மூட்டகூட இல்ல" என்றான் தங்கதுரை. "கரீம் பாய் உரக்கடையிலதான் வாங்கினேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. தைலம்மா தங்கச்சிக்குத் தெரிஞ்சா கடைக்கே வந்து திட்டும்னாரு. நான்தான் கேக்கல. எல்லாரும் வர்ற நேரத்துல உன் பயிரு மஞ்சளா நின்னுக்கினு இருந்தா சிரிப்பாங்களே. நீ இம்மாம் பாடுபட்டு..." கையிலிருந்த நாற்காலியை மறுபடி மடித்தான்.

தைலம்மாளுக்குத் திட்ட வாய் வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் எல்லாம் காலம் முழுக்கக் கழனியில் கிடப்பவர்கள். யூரியா போட்ட பச்சை எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிச்சைமுத்து ஒரு முறை கழனியைப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தின் உச்சியைப் பார்க்க ஆரம்பித்தவர் கண்ணை இறக்கவேயில்லை. மற்றவர்களும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்கள். தைலம்மாள் மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம்.

பேச்சு தொடங்கியது. யூரியாவுக்கு மானியம் கொடுக்கிற அரசாங்கம் எருவுக்கு என்ன கொடுக்கிறது என்று ஒருவர் கேட்டார். பக்கத்துக் கழனிக்காரன் அடிக்கிற மருந்து காற்றில் நம் பயிர் மேல்தானே வந்து விழுகிறது என்றார் இன்னொருவர்.

"ஊர்ல மாடே கம்மியா போச்சிங்க மேடம். சாணி கெடைக்கிறதே கஷ்டமா கீது" என்றார் பிச்சைமுத்து. "அத்தோட, கொள்முதல்ல எங்க நெல்லையும் மத்த நெல்லையும் ஒண்ணாத்தான் கொட்டுறாங்க. தனி வெல இல்லன்னா எவன் இதுக்கு வருவான்?"

செந்தமிழ்ச்செல்வி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் பிச்சைமுத்து செல்போனை எடுத்தார்.

"தைலம்மா, அந்தப் பக்கமா நில்லு. குழு சார்பா ஒரு போட்டோ."

அவர் காட்டியது பச்சையாக நின்ற பக்கம். தைலம்மாள் நகரவில்லை. தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டான்.

"அது என் பயிரு இல்லிங்க, யூரியா பயிரு. கீழ நிக்குது பாருங்க மஞ்சளா, அதான் என்னுது" என்றாள். "எங்க வூட்டுக்காரரு போட்டாரு. எனக்கு அவமானம் வந்துடக் கூடாதுன்னு போட்டாரு. மேடம், நீங்க இத எழுதிக்கிங்க. மொத சில வருஷம் பயிரு இப்பிடித்தான் வெளுத்து நிக்கும், வெளச்சலும் கொறையும். அந்த நேரத்துல வூட்டு ஆளுங்களுக்கே மனசு வுட்டுப்பூடுது. சான்றிதழ் வந்த பொறவு குடுக்குற ஒத்தாசைய, மஞ்சளா நிக்கிற காலத்துலயே குடுங்க. ஜாஸ்தி வேணாம். தாக்குப் பிடிக்கிற அளவுக்குக் குடுங்க போதும்."

செந்தமிழ்ச்செல்வி பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "வந்ததுமே எனக்கும் தெரிஞ்சிதும்மா. எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல. நீங்க சொன்னத அப்படியே எழுதறேன்" என்றார்.

பிச்சைமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. "சரி, மேல் கழனிக்கு மட்டும் வருஷத்த மொதல்லருந்து வச்சிக்கலாம். கீழ்க் கழனி அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"மேல இருக்கிற தண்ணிதான கீழ எறங்குது? யூரியா வரப்பப் பாத்து நின்னுக்குமா? ரெண்டையும் மொதல்லருந்து வைங்கண்ணா."

பிச்சைமுத்து சரி என்று தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு, தங்கதுரை நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடித்து மரத்தில் சாய்த்தான். கல்யாணப் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் வரப்பில் நடந்தான். மடையருகே வந்ததும் மெல்லக் கேட்டான்.

"எம் மேல கோவமா?"

"பின்ன? கோவம் இல்லாமயா? பையில சீப்பணியாரம் வச்சிருக்கேன். உனக்குக் கெடையாது."

"உன் மூணு வருஷத்தப் பாழாக்கிட்டேனே தைலு."

தைலம்மாள் நின்று திரும்பினாள். இதே வரப்பில்தான் அவன் அன்றைக்குச் சுருண்டு கிடந்தான். இப்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகம் வாடியிருந்தாலும் ஆள் கல்லாட்டம் நிற்கிறான்.

"நீ இருக்கணும்னுதானய்யா ஆரம்பிச்சேன்? நீதான் இருக்கியே. இன்னும் மூணு வருஷம் எங்கூட இரு, சான்றிதழ் தானா வரும்" என்றாள். பிறகு அவன் தோளிலிருந்து பையை இறக்கி, பணியாரப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள்.