வண்டியோடு போகாத இரும்பு

கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்த ஒரு தகரக் கொட்டகையில் நானும் என் ஓரகத்தியும் பல வருஷம் இரும்புப் பட்டறை நடத்தினோம். எங்கள் வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி. இருவருக்கும் அரவங்காட்டில் பாதுகாப்புத் துறை ஆலையில் வேலை. ஒருவர் கணக்குப் பிரிவு, மற்றவர் ஸ்டோர். பட்டறை பெயருக்குத்தான் பெண்களுடையது, நடத்துவது ஆண்கள் என்று ஊரில் பலர் நினைத்திருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் வெல்டிங் கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

வெல்டிங் தெரிந்தவள் என் ஓரகத்தி. அன்னூரில் அவள் அப்பாவுக்கு லேத் பட்டறை இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே கம்பியை வளைக்கவும் ஒட்டவும் பழகியிருந்தாள். நான் பி.காம். படித்தவள். சரக்கு வாங்குவது, விலை பேசுவது, வங்கிக்குப் போவது என் பொறுப்பு. கேரட் கழுவும் கூண்டு, தேயிலை ஃபேக்டரிக்குத் தள்ளுவண்டி, எஸ்டேட் பங்களாக்களுக்குக் கேட் என்று எது வந்தாலும் செய்தோம். மழை மாதங்களில் வெல்டிங் குச்சிகள் ஈரம் இழுத்துக்கொள்ளும் என்பதால் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புப் பக்கத்தில் அடுக்கி வைப்பாள். சாம்பார் தாளிக்கிற வாசனையோடு பட்டறைக்கு வரும் குச்சிகள் எங்களுடையவை.

பிறகு சமவெளியிலிருந்து ஒரு வேலை வந்தது. வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் இடத்தில் கதவுகளைப் பிடித்து வைக்கும் கம்பிகள். காரின் உடம்பு பெயிண்டுத் தொட்டியில் முங்கி எழுந்து, மேலே நிறம் அடிக்கப்பட்டு, சூட்டறைக்குள் போய் வெளியே வரும்வரை கதவு முழுக்க மூடிவிடக் கூடாது. மூடினால் ஈரப் பெயிண்ட் ஒட்டிக்கொள்ளும். ஆடவும் கூடாது. ஒரு முனை கதவில், மறு முனை வண்டி உடம்பில் மாட்டிக்கொண்டு, கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்தபடி நிறுத்தி வைப்பதுதான் அந்தக் கம்பியின் வேலை. பெயிண்ட் காய்ந்ததும் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டுவார்கள். பார்வைக்கு வளைந்த கம்பி, அவ்வளவுதான். ஆனால் அளவு துளி தவறினாலும் கதவில் கீறல் விழும். என் ஓரகத்தி செய்த கம்பிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அந்தப் பேர்தான் வெளிநாடு வரை போனது. கார் ஆலைகளுக்கு இதுபோன்ற சாமான்களைக் கொடுக்கும் ஐரோப்பியக் கம்பெனி ஒன்று எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டது. நான் அன்று குன்னூர் மார்க்கெட்டில் இருந்தேன். போனை எடுத்தவள் அவள். நான் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"அக்கா, நான் சரின்னு சொல்லிட்டனுங்க."

"எதுக்குச் சரின்னு சொன்னே?"

"மாதிரி அனுப்பறாங்களாம். அதே மாதிரி செஞ்சு காட்டணுமாம். புடிச்சிருந்தா வருஷம் பூரா ஆர்டர்."

நான் எதற்கும் பயப்படுகிறவள். பட்டறைக்காக இரண்டு வீட்டுப் பத்திரங்களும் வங்கியில் இருந்தன. "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு சில நாட்கள் நாங்கள் வேலை விஷயம் மட்டும்தான் பேசினோம். அவள் கிரைண்டரை ஓட்டுகிற சத்தத்திலேயே கோபம் தெரியும்.

மாதிரிப் பெட்டி கோயமுத்தூர் விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கு வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டது. சுங்கத்தில் பெட்டியை எடுத்துத் தரும் ஏஜென்ட் கூப்பிட்டார்.

"ஏனுங்க, சின்னச் சிக்கலுங்க. கஸ்டம்ஸ்ல இதைக் கார் பார்ட்ஸுங்கறாங்க. அதுக்கு வரி தனி. அனுமதி, சான்றிதழ்னு இன்னும் கேப்பாங்க. மாசக் கணக்காகும் போலிருக்குதுங்க."

"காரோட பார்ட்ஸ் இல்லீங்களே."

"பில்லுல 'கார் கதவு ஃபிக்சர்'னு போட்டிருக்குதுங்களே. அதுமில்லாம பெட்டிக்குள்ள பழைய சாமான் ஒண்ணு வேற இருக்குதுங்க. பெயிண்ட் ஒட்டிக் கிடக்குது. அது இன்னும் வம்பைக் கொண்டுவருமுங்க."

வெளிநாட்டுக் கம்பெனி மாதக் கணக்கில் காத்திருக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இந்த முறை கார் பாகம் என்று எழுதிவிட்டால் இனி வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் அதுவே வழக்கமாகிவிடும் என்றும் ஏஜென்ட் சொன்னார். நான் போனை வைத்தபோது ஓரகத்தி மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றவில்லை.

"என்னாலதானுங்கக்கா" என்றாள். "ரெண்டு ஊட்டையும் நான் கொண்டுபோய்த் தெருவுல விட்டுட்டேன்."

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குப் போனது. எனக்குக் கோபம் இருந்ததுதான். ஆனால் பட்டறையில் அவள் அப்படி ஓசையில்லாமல் இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அந்த ஆபீசர் என்ன கேக்கறார்னு நேர்ல போய்த்தான் பாப்போமே. நம்ம கார்லயே போலாம்" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே பார்த்தால், எங்கள் பழைய காரின் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

பர்லியாறு வளைவுகளில் நான் காரை மெதுவாக இறக்கினேன். மடியில் துணி சுற்றிய கம்பியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். கல்லாறு தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. இருவரும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். வழியில் நான் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

கிடங்கு வாசலில் காத்திருந்த ஏஜென்ட் எங்களை உள்ளே கூட்டிப்போனார். சுங்க அதிகாரி ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மேஜை மேல் எங்கள் பெட்டியிலிருந்து எடுத்த கம்பிகள் வரிசையாக இருந்தன. நாங்கள் பயந்தபடி அவர் அதட்டுகிற ஆள் இல்லை.

"உக்காருங்கம்மா" என்றார். "எனக்கும் இது புரியத்தான் வேணும். பேர்ல கார் கதவுன்னு இருக்கு. படிக்கிறவன் கார் கதவோட பாகம்னுதானே நினைப்பான்? இது நிஜத்துல என்ன செய்யுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி எழுந்தாள். "சார், ஒரு நிமிஷம் வெளிய வந்தீங்கன்னா காட்டிடுவனுங்க."

அவர் மறுக்கவில்லை. ஏஜென்ட்தான் என்னைப் பார்த்து முழித்தார். வாசலில் நின்ற எங்கள் காரின் கதவைத் திறந்து, அவள் தான் செய்து கொண்டுவந்த கம்பியின் ஒரு முனையைக் கதவிலும் மறு முனையைக் கார் உடம்பிலும் மாட்டினாள். "தள்ளிப் பாருங்க சார்."

அதிகாரி தள்ளினார். கதவு மூடவில்லை. இழுத்தார். அதற்கு மேல் திறக்கவும் இல்லை. இன்னொரு முறை பலமாகத் தள்ளிப் பார்த்தார். விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி அவர் முகத்தில் ஒரு ஆர்வம் வந்தது.

"பெயிண்ட் அடிச்சு முடிச்சதும்?"

"கழட்டிருவாங்க சார். வண்டி போயிரும். இது அங்கயே இருக்கும். அடுத்த வண்டிக்கு."

அவர் உள்ளே போய், பெட்டியில் வந்த அந்தப் பழைய கம்பியை எடுத்து வந்தார். ஏஜென்ட் பயந்த அதே சாமான். அதன் மேல் பெயிண்ட் தடிமனாகத் தோல்போல மூடியிருந்தது. அதிகாரி தன் சாவியால் ஓரத்தைச் சுரண்டினார். மேலே வெள்ளை. அதற்கடியில் சிவப்பு. சுரண்டச் சுரண்ட சாம்பல், நீலம், மறுபடியும் வெள்ளை, ஏதோ பச்சை. வெங்காயத்தை உரிப்பது போல நிறங்கள் வந்துகொண்டே இருந்தன.

"எத்தனை காரைப் பார்த்திருக்கு இது!" என்றார். "ஒரு காரோட பாகமா இருந்தா ஒரு நிறம்தானே இருக்கணும்."

எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஓரகத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மறுபடியும் உள்ளே உட்கார்ந்தோம். அவர் தடித்த வரி அட்டவணையைப் புரட்டினார். "சரி, வண்டி பாகம் இல்லைன்னு வைங்க. அப்ப எங்க சேர்க்கிறது? பெயிண்ட் அடிக்கிற மெஷினோட பாகம்னு சொல்லலாமா?"

ஏஜென்ட் என் காதருகே குனிந்தார். "ஆமான்னு சொல்லுங்க. அதுக்குத்தான் வரி கம்மிங்க."

நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதற்குள் ஓரகத்தி பதில் சொல்லிவிட்டாள். "இல்லீங்க சார். மெஷினை இது தொடறதே இல்லை. இது இல்லாட்டியும் மெஷின் பெயிண்ட் அடிக்கும். கதவுதான் ஒட்டிக்கும்."

ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லவேளை இப்படிச் சொன்னீங்க. மெஷின் பார்ட்னு எழுதியிருந்தா, எந்த மெஷின், எங்க மாட்டுறதுன்னு நாளைக்கு வேற ஒருத்தர் கேப்பார். காட்ட முடியாது. மறுபடியும் பெட்டி நிக்கும்." பக்கத்தை இன்னும் புரட்டினார். "கையில பிடிச்சு வேலை செய்யற கருவியும் இல்லை. இது பாட்டுக்குச் சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்குது. இரும்புல செஞ்ச பொருட்கள்னு ஒரு அத்தியாயம் இருக்கு. வேற எங்கயும் இடம் கிடைக்காததுக்கு அதோட கடைசியில ஒரு இடம் வச்சிருக்காங்க. இது அங்கதான் போகும். இரும்புச் சாமான். அவ்வளவுதான்."

"அப்ப அந்த அனுமதியெல்லாம்?" என்று நான் கேட்டேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"கார் பாகத்துக்குத்தான் அதெல்லாம். இதுக்கு வேண்டியதில்லை. மேல ஒரு கையெழுத்து ஆகணும், நான் எழுதி வைக்கிறேன். நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்குங்க. அடுத்த தடவை பில்லுல கார் கதவுன்னு மட்டும் போடச் சொல்லாதீங்கம்மா. பெயிண்ட் அடிக்கும்போது கதவைப் பிடிச்சு வைக்கிற இரும்புக் கம்பின்னு போடச் சொல்லுங்க. நானும் பிழைச்சுக்குவேன்."

வெளியே வந்ததும் ஏஜென்ட் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மெஷின்னு சொல்லியிருந்தா வரி மிச்சமுங்க" என்றார். பிறகு தானே, "பரவாயில்லீங்க. இனிமே நம்ம பெட்டிய யாரும் நிறுத்த மாட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஓரகத்தி அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. கண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, முகமோ சிரித்துக்கொண்டிருந்தது. நான் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தேன். சரி என்று போனில் சொன்னதற்காக நான் அவள் மேல் வைத்திருந்த வருத்தம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தேடிப் பார்த்தால்கூடக் கிடைத்திருக்காது.

"பசிக்குதுங்கக்கா" என்றாள்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். பரோட்டா, குருமா, ஆம்லெட், அதன்மேல் ஒரு தோசை என்று அவள் சாப்பிட்டதைப் பார்த்துப் பரிமாறியவரே சிரித்துவிட்டார். நான் என் பங்குக்கு இரண்டு காபி குடித்தேன். எதிரெதிரே உட்கார்ந்து பட்டறைக்கு இன்னொரு வளைக்கும் மெஷின் வாங்குவதா, ஆள் சேர்ப்பதா என்று வாய் ஓயாமல் பேசினோம். எப்போதும் வேண்டாம் என்று சொல்கிற நான் அன்று இரண்டுமே செய்யலாம் என்றேன். அவள் நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் ஏஜென்ட் பெட்டியை எடுத்து குன்னூர் லாரியில் ஏற்றிவிட்டார். அது வந்து சேர்ந்த சாயங்காலம் அவள் எல்லாக் கம்பிகளையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் வளைவையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர்கள் இருவரும் ஆலை விட்டு நேராகப் பட்டறைக்கே வந்து வாசலில் நின்றார்கள். "இதுக்கா இத்தனை பாடு?" என்றார் என் கணவர், ஒரு கம்பியைத் தூக்கிப் பார்த்து.

"கீழ வைங்க மாமா, வளைஞ்சிரும்" என்று அவள் அதட்டினாள். அவர் சட்டென்று கீழே வைத்துவிட்டார். நான் அடக்க மாட்டாமல் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறி வந்து கொட்டகைக்குள் நுழைந்தது. நாங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு அளவெடுக்க உட்கார்ந்தோம்.