பச்சை லோக்கரின் நாக்கு

பாயான் லெப்பாஸில் பதினெட்டு வருஷம் உழைத்த பேக்டரி ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பியபோது, குமுதா வெறுங்கையோடு வரவில்லை. ஊழியர்கள் பை, சப்பாத்து வைக்கும் பழைய ஆளுயர இரும்பு லோக்கர்கள் நாலை அடிமாட்டு விலைக்குப் பேசி ஏற்றிக்கொண்டு வந்தாள். கெட்டிக்காரி! துருவைத் தேய்த்து, நசுங்கலைத் தட்டி, பெயிண்ட் அடித்து விற்றாள். ஜெலுத்தோங்கில் இப்போது அவளுக்கு ஒரு பட்டறையே இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் சாமான் வைக்க இடமில்லாதவர்கள் அவளைத்தான் தேடி வருகிறார்கள்.

இந்த லோக்கர்களில் ஒரு பொல்லாத சங்கதி உண்டு. கதவைச் சாத்தினாலே ஸ்பிரிங் வைத்த நாக்கு டக்கென்று மாட்டிக்கொள்ளும். வெளியே பிடியைத் திருப்பினால்தான் திறக்கும். பேக்டரிக்குச் சரி. பிள்ளைகள் ஒளிந்து விளையாடும் வீட்டுக்கு ஆகுமா? அதனால் குமுதா நாக்கைக் கழற்றிவிட்டுக் காந்தம் பொருத்துவாள். அந்த வேலையும் முடிந்த பிறகே கதவுக்குக் குங்குமப் பொட்டு வைப்பாள். லோரி ஓட்டும் மலாய்க்காரன் இர்வானுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் பொட்டு இருந்தால் ஏற்றலாம் என்பது தெரியும். பட்டறைச் சாவி ஒன்று அவனிடமும் இருக்கிறது.

நேற்று ஆயுத பூஜை. தேய்க்கிற மெஷின், சுத்தியல், ஸ்ப்ரே கன் என்று பொட்டு வைத்துக்கொண்டே போனவள், பக்தி முற்றிப்போய் வரிசையாக நின்ற லோக்கர்களுக்கும் வைத்துவிட்டாள். இன்று பத்து மணிக்குப் பட்டறையைத் திறந்தால் பச்சை லோக்கரைக் காணோம். பெயிண்ட் மட்டும்தான் முடிந்திருந்தது. நாக்கு அப்படியே இருந்தது.

“சுடா ஹந்தார், காக்! எட்டு மணிக்கே குடுத்தாச்சு லா,” என்றான் இர்வான் போனில். “பொட்டு இருக்கு, நான் பாத்து!”

அந்த லோக்கர் பாயா தெருபோங்கில் பத்தாவது மாடியில் இருக்கும் அஃப்ரீனுக்குப் போனது. அவளுக்கு நாலு வயசில் ஆலியா என்று ஒரு துறுதுறு மகள். போதாக்குறைக்கு, கரப்பான் நுழையும் என்று அஃப்ரீன் கேட்டதால், கதவின் காற்றுக் கீற்றுகளை எல்லாம் குமுதாவே தகடு வைத்து அடைத்திருந்தாள்.

குமுதா மூன்று தடவை போன் அடித்தாள். அஃப்ரீன் எடுக்கவில்லை.

மோட்டார் சைக்கிளை எடுத்தாள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் உயிர் போய் உயிர் வந்தது. ‘மாரியாத்தா, என் கையால ஒரு பிள்ளை போயிடக் கூடாது’ என்று வாய் ஓயாமல் புலம்பியது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, படியிலேயே ஓடினாள். பயம்தான் பிடரியைப் பிடித்துத் தள்ளியது.

“என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது? போன் சார்ஜ்ல கெடக்கு,” என்று கதவைத் திறந்தாள் அஃப்ரீன்.

“ஆலியா எங்க?”

“இங்கதான் எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கா. சமையல முடிச்சிட்டு இப்பத்தான் தேடுறேன், சத்தமே காட்ட மாட்டேங்குறா கள்ளி.”

குமுதா அவளை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். அறை மூலையில் பச்சைக் கதவு சாத்தியிருந்தது. பிடியைத் திருப்பி இழுத்தாள்.

முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே சரிந்து அவள் கையில் விழுந்தாள். உதடு வெளுத்து, முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. குமுதா அவள் கன்னத்தைத் தட்டினாள். அசைவில்லை. மறுபடி தட்டினாள். ஒரு விக்கல். அப்புறம் வீடே அதிர ஒரு அழுகை.

அஃப்ரீன் மகளை வாரி எடுத்துக்கொண்டாள். மறு கையால் குமுதாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “அல்லாதான் உங்கள அனுப்பி வச்சான்கா! நீங்க வராட்டி என் புள்ள...”

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. படியேறியபோதுகூட இவ்வளவு பயமாக இல்லை குமுதாவுக்கு.

“என்னய கும்பிடாத, அஃப்ரீன். கதவச் சாத்துனா தானா மாட்டிக்கிற நாக்க நான் கழட்டியிருக்கணும். கழட்டாம உன் வீட்டுக்கு அனுப்பிட்டேன். என் தப்புதான்.”

அஃப்ரீன் கையை விட்டாள். பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு, குமுதாவிடமிருந்து இரண்டடி பின்னால் போய் நின்றாள்.