இரண்டு எட்டு, ஒரு வீச்சு

ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து இடுப்பளவிலிருந்து நழுவவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிறார். காற்று கொஞ்சம் இருந்தாலும் உரவாளியைக் கீழே வைத்துவிடுவார். இல்லாவிட்டால் உரம் வீசும் நடை தொடங்கும்: இரண்டு எட்டு, ஒரு வீச்சு, இரண்டு எட்டு, ஒரு வீச்சு. இந்த நடைக்காகவே தீவனப்புல் ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். நடுவில் யாராவது நேரம் கேட்டால் மட்டும் பதில் வராது. எண்ணிக்கை தப்பிவிடுமாம்.

என் அக்கா அங்கே அதிகாரி. எந்த உரத்தை எவ்வளவு போட்டால் புல் அதிகம் விளையும், அதில் மாட்டுக்கு வேண்டிய புரதம் எவ்வளவு சேரும் என்று மூன்று வருடமாகப் பாத்தி பாத்தியாக அளந்துகொண்டிருக்கிறாள். அவள் ஆய்வுக்கூடத்தில் தேடுவதைக் கடிகாரம் மாட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"யூரியாவ மட்டும் கொட்டினா புல்லு சும்மா உசரமா நிக்கும், தம்பி. மாடு இலையத் தின்னுட்டுத் தண்டை ஒதுக்கிடும். மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் சேர்ந்தாத்தான் அடுத்த அறுப்புக்கும் தெம்பா வரும்."

இந்த வேலையில் தப்பை ஒளிக்க முடியாது. உரம் விழாத இடம் சில வாரத்தில் வெளிறிப்போய்க் கோடாகத் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பாத்தியில் அப்படி ஒரு கோட்டை யாரும் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. பண்ணை அலுவலக மொட்டைமாடியில் நின்று வயலைப் பார்க்கும்போது கை தானாக மீசைக்குப் போகும். பெருமைப்பட்டுக்கொள்ளட்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்த முறை கோடு விழுந்துவிட்டது. கடைசி அறுப்புக்கான உரம் வீசும்போது, பாதிப் பாத்தியில் மருமகன் போன் செய்தார்: பெண் குழந்தை, இருவரும் நலம். மனிதர் அங்கேயே நின்று தனியாகச் சிரித்திருக்கிறார். மறுபடி ஆரம்பித்தபோது நான்கு எட்டு தள்ளி ஆரம்பித்துவிட்டார்.

சில வாரம் கழித்துக் கோடு தெரிந்ததும் மேஸ்திரி ஆறுதலாக ஒரு வழி சொன்னார். இப்போது ஒரு கை யூரியா தூவினால் அறுப்புக்குள் பச்சை ஏறிவிடும், மேடத்துக்கு எங்கே தெரியப்போகிறது. கடிகாரம் வாளியைத் தொடவே இல்லை. நான்தான் வாயைக் கிளறினேன்.

"கண்ணுக்குப் பச்சையாயிடும். ஆனா பிந்திப் போட்ட உரம் லேப்ல வேற கணக்குச் சொல்லும். அத நம்பி எத்தனை பேரு மாட்டுக்குப் புல்லு வளப்பாங்க?"

மறுநாள் காலை அவரே அக்காவை அழைத்துப்போய்க் காட்டினார். அந்த உர அளவுக்கு இருந்ததே நான்கு பாத்திகள். ஒன்று போனால் மூன்று வருட முடிவு ஆட்டம் காணும். அவளுக்கு மனசு கேட்கவில்லை. கோட்டை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அறுத்து எடை போடலாமே என்று இழுத்தாள்.

"போன் வந்ததுக்கப்புறம் என் கை எப்படி வீசுச்சுன்னு எனக்கே தெரியாது, மேடம்."

சொல்லிவிட்டுக் குனிந்து, பாத்தியின் எண் பலகையை இரண்டு கையாலும் பிடுங்கி, ஒட்டியிருந்த மண்ணைச் சட்டையில் துடைத்து, அக்காவிடம் நீட்டினார்.